குறைமாதக் குழந்தைகளும் தொடுகைச் சிகிச்சையும்

குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைகளின் வளர்ச்சிக்குத் தொடுகை, அசைவு, ஒலி, ஒளி ஆகியவற்றின் வழியாக உதவும் முறை புலன்சார் சிகிச்சை எனப்படுகிறது. இன்று இதனை ஆக்குபேஷனல் தெரபி வல்லுநர்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் செய்கின்றனர். ஆனால் நெடுங்காலம் மருத்துவமனைகளில் நிலவிய விதி, குழந்தையைத் தொடக்கூடாது என்பதே.

அந்த விதி காரணமின்றி வந்ததல்ல. 1880களின் தொடக்கத்தில் பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் ஸ்டெபான் தார்னியே இன்குபேட்டரைப் புகுத்தியபின், குளிரால் இறந்துகொண்டிருந்த குழந்தைகள் பலர் பிழைத்தனர். பின்னர் நோய்த்தொற்று அச்சத்தால் தாய்மார் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உள்ளே வந்த கைகள் பெரும்பாலும் ஊசி குத்தவும் குழாய் செருகவுமே வந்தன. பிறந்தது முதல் தொடுகை என்றாலே வலி என்று ஒரு குழந்தை அறிவது எவ்வளவு கொடுமை!

மாற்றத்திற்கான ஒரு தடயம் எலிகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் குழுவினர், தாயிடமிருந்து பிரித்த எலிக்குட்டிகளில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதைக் கண்டனர். ஈரத் தூரிகையால் தாய் நக்குவது போல் தடவியதும் நிலைமை சீரானது.

மயாமியைச் சேர்ந்த உளவியலாளர் டிஃபனி ஃபீல்டு, ஷான்பெர்க்குடன் இணைந்து 1986இல் 40 குழந்தைகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டார். சராசரியாக 31 வாரத்தில், 1,280 கிராம் எடையுடன் பிறந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு நாளொன்றுக்கு 3 முறை, 15 நிமிடம் வீதம், 10 நாள் உடலைத் தடவிக் கை கால்களை மடக்கி நீட்டினர். மற்றவர்களைவிட இவர்களுக்கு நாள்தோறும் 47 விழுக்காடு அதிக எடை கூடியது. 6 நாள் முன்னதாகவே வீடு திரும்பினர். இரு குழுவினரும் குடித்த பால் அளவில் வேறுபாடு இல்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. 40 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் தொடாதே என்ற விதியை மறுபரிசீலனை செய்ய அது போதுமாக இருந்தது.

எப்படித் தொடுவது என்பதும் முக்கியம். மிக மென்மையான வருடல் கூச்சத்தை உண்டாக்கிக் குழந்தையை நெளியச் செய்கிறது. மிதமான அழுத்தமே ஏற்றது. எப்போது தொடுவது என்பதைக் குழந்தையே சொல்லும் என்றார் பாஸ்டன் உளவியலாளர் ஹைடலிஸ் ஆல்ஸ். 1980களில் அவர் உருவாக்கிய பராமரிப்பு முறையில், குழந்தை விரல்களை அகல விரித்தாலோ, விக்கினாலோ, தோலின் நிறம் மாறினாலோ, செவிலியர் கையை நிறுத்திக்கொள்வார். குழந்தை அமைதியான பிறகே மீண்டும் தொடங்குவார்.