செய்மதி வழியே சென்ற செய்திகள்

குண்டசாலையில் நான் இருக்கும் இடத்துக்குப் பல்லேகலை அருகில்தான். 2012 நவம்பர் 27இல், மாவீரர் நாளன்று, சீனாவின் சிச்சாங் ஏவுதளத்திலிருந்து ஒரு செய்மதி ஏவப்பட்டது. அதை இலங்கையின் முதற் செய்மதி என்றார்கள். உண்மையில் அது சீனச் செய்மதி. அதன் ஒரு பகுதியையே சுப்ரீம்சாட் என்ற தனியார் நிறுவனம் பெற்றிருந்தது. தரை நிலையத்துக்குத் தெரிவான இடம் பல்லேகலை. அது வர்த்தக முயற்சி. ஆனால் வன்னியிலிருந்து மீண்ட எங்களுக்குச் செய்மதி என்றதும் போர்தான் நினைவுக்கு வருகிறது.

சாதாரண வானொலி அலையை மலையும் தூரமும் தடுக்கும். செய்மதிக்கு வானம் தெரிந்தால் போதும். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு ஒரு குரல் போய்த் திரும்பக் கால் செக்கன்தான் ஆகும். அதனால் தலைநகரில் இருக்கும் தளபதி களமுனையுடன் நேரடியாகப் பேசலாம்; ஆளில்லா விமானம் எடுக்கும் படத்தையும் உடனே பார்க்கலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. பேசும் கருவி அலையை வெளியிடுவதால் பேசுபவரின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். செச்சினியத் தலைவர் ஜோகர் துதாயெவ் 1996 ஏப்ரல் 21இல் செய்மதித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே ரஷ்ய ஏவுகணைத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

2009 மே மாதம் நடேசனும் புலித்தேவனும் சரணடைவது பற்றி வெளியுலகுடன் பேசியதும் செய்மதித் தொலைபேசியில்தான். அதற்கு முன்னர், ஜனவரியில், சுதந்திரபுரத்தில் இருந்த ஐ.நா. பணியாளர்கள் தாங்கள் தங்கியிருந்த இடத்தின் ஆள்கூறுகளை இராணுவத்துக்கு அறிவித்தார்கள். அதன் பின்னரும் எறிகணைகள் விழுந்தன என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவுசெய்துள்ளது.

இங்கேதான் சட்டம் வருகிறது. கீழுள்ளோர் செய்த குற்றத்தை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டியிருந்தும், தடுக்காமலும் தண்டிக்காமலும் விட்ட தளபதி பொறுப்பாளியாவார். தொடர்பு வசதி கூடக்கூட ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் பலவீனமாகும். ஸ்ரெப்ரெனிகா படுகொலை தொடர்பில் ஜெனரல் கிறிஸ்டிச் 2001இல் தண்டிக்கப்பட்ட வழக்கில், ஒட்டுக்கேட்கப்பட்ட இராணுவ உரையாடல்களும் சான்றாயின.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க வழிசெய்தது. ஆகவே, அந்த நாட்களில் உங்களுக்கு அழைப்பு வந்திருந்தால், திகதி, நேரம், இடம், கேட்ட சொற்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பழைய தொலைபேசிப் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.