மழைநீரும் மாணவரும்

ஆடி பிறந்தால் தலைநகர்த் தமிழராகிய நமக்கு ஊர் நினைவு வருகின்றது. அங்கே அது காவிரியில் புதுப்புனல் பெருகும் மாதம். இங்கேயோ காலனித் தெருக்களில் புனல் பெருகும் மாதம். பள்ளி மைதானம் குளமாகிறது. குழந்தைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். வைகாசி வெயிலில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்கள் வரிசையாய் நின்றதும் இதே தெருக்களில்தான். ஓராண்டில் இவ்விரு துன்பமும் நேர்வானேன்? விடை காணத் தில்லியின் பழைய வரலாற்றுக்குள் சற்றே செல்லுதல் வேண்டும்.

இந்நகரை ஆண்ட பண்டை மன்னர்கள் யமுனை ஒன்றையே நம்பியிருந்தவர் அல்லர். அரவல்லித் தொடரின் கடைக்கோடியாகிய பாறைமேட்டினின்றும் ஓடிவரும் மழைநீரைத் தேக்கக் குளங்கள் கண்டனர். 13-ஆம் நூற்றாண்டில் இல்துத்மிஷ் மெஹ்ரௌலியில் ஹௌஸ்-இ-ஷம்சியை அமைத்தார். பின்னர் அலாவுதீன் கில்ஜி சீரி நகருக்கென வெட்டிய பெருங்குளமே இன்றைய ஹௌஸ் காஸ். அரை நூற்றாண்டு கழித்துப் பிரோஸ் ஷா துக்ளக் அரியணை ஏறிய காலத்தில் அக்குளம் தூர்ந்து கிடந்தது. மக்கள் அதனுள்ளேயே பயிர் செய்தனர். கிணறு தோண்டி நீரை விலைக்கு விற்றனர். இதனை அம்மன்னரே தம் ஆட்சிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் வியாபாரம் தில்லிக்குப் புதிதன்று! மன்னர் குளத்தைத் தூர் வாருவித்தார். 1352-ஆம் ஆண்டையொட்டி அதன் கரைமேல் ஒரு கல்லூரியையும் எழுப்பினார். நீரைக் காத்தலும் கல்வியை வளர்த்தலும் ஒரே கரையில் நிகழ்ந்தன.

நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பேணுதற்கெனவே ‘ஏரி வாரியம்’ ஒன்றைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த செய்தியைக் கூறுகின்றது. உறுப்பினர்க்கு வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும் என்பது கி.பி. 921-இல் வகுத்த விதி.

நிற்க, இக்காலத்துக்கு வருவோம். தில்லியின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் இறுதி முதல் செப்டம்பருக்குள் பெய்துவிடுகிறது. மண்தரை இருந்தவிடமெல்லாம் சிமெண்டும் தாரும் பரவிவிட்டமையால், பெய்த நீர் நிலத்துள் இறங்க வழியின்றித் தெருவில் ஓடுகின்றது. 2024 ஜூன் 28-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மி.மீ. மழை பதிவாயிற்று. 1,000 சதுர மீட்டர் மொட்டைமாடியுள்ள ஒரு பள்ளியின்மேல் அத்தகைய மழை பொழிந்தால் 2,28,000 லிட்டருக்கு மேல் வீழும். 10,000 லிட்டர் லாரிகள் இருபதுக்கும் மேற்பட்டவை சுமக்கும் நீர் அது! 100 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள மனைகளில் எழும் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2001-இல் தில்லியில் விதி செய்யப்பட்டது. ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் போதுமா? குழாயில் அடைத்த சருகை எடுப்பார் வேண்டாமா?

இவ்விடத்தேதான் மாணவர் வருகின்றனர். தில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் நடத்திய பசுமைப் பள்ளித் திட்டத்தில், மாணவரே தம் பள்ளியின் நீர், நிலம், காற்று, ஆற்றல், கழிவு ஆகியவற்றை அளந்து கணக்கெழுதினர். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் தொடங்கிய போட்டியில், கல்லூரி மாணவர்கள் தம் வளாகத்து மழைநீரை ஆளும் திட்டங்களை வரைந்தளித்தனர். வழிமுறை எளிதே. மழை பெய்யும்போது நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது எனப் படம் வரைதல். கூரையை அளந்து கணக்கிடுதல். தாழ்ந்த இடத்தில் செடி நிறைந்த மழைத் தோட்டம் அமைத்தல். நீர் கசிந்திறங்கும் கற்களை நடைபாதையில் பதித்தல். மிகுநீரை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தல்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் யமுனைக்கரைப் பகுதிகளில் மண்ணுள் இறக்குவதினும் தொட்டியில் சேமித்தலே தகும்; நீர்மட்டம் ஆழ்ந்து போன தென்தில்லிக்கு நிலத்துள் இறக்குதல் நன்று. முதல் மழையின் அழுக்கு நீரை விலக்குதலும், சாலைநீரை வடிகட்டாமல் கிணற்றில் விடாதிருத்தலும் இன்றியமையாதன. தம் நிலத்தைத் தாமே ஆராய்ந்த பிள்ளைகளுக்கு இவற்றைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளிலும், நம் குழந்தைகள் பயிலும் பிற பள்ளிகளிலும், மாணவரைக் கொண்ட ஏரி வாரியம் ஒன்று ஏன் அமைதலாகாது? உத்தரமேரூர் கேட்ட 35 வயதை நாம் 12 ஆகக் குறைத்துக்கொள்வோம். பெரியோராகிய நாம் அளவுநாடாவும் மண்வெட்டியும் வாங்கித் தந்து, அவர்கள் வரைந்த படத்தைப் பள்ளி நிர்வாகத்தார் முன் கொண்டுசென்று பரிந்துரைத்தல் போதும். ஊரில் குளக்கரையை விட்டு வந்தோம். அந்தப் பொறுப்பையும் அங்கேயே விட்டுவந்தோம் என்று நம் மக்கள் நாளை சொல்லாதிருக்கட்டும்.