சிட்டி எடிட்டர் வைத்த கச்சேரி

நான் படிப்பது பி.காம். எனக்கும் மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள், தெரியும். கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கதையின் நாயகன் நம்ம டிபார்ட்மெண்ட் ஆள்தான்.

பெயர் தாமஸ் மாசா ஆல்சேகர். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக பங்குச் சந்தை, கடன் பத்திரங்கள், வட்டி என்று பணச் சந்தைச் செய்திகள் எழுதியவர். இன்றைய பாஷையில் பிசினஸ் பக்க ஆசிரியர். பின்னாளில் பத்திரிகையின் நிர்வாகத்திலும் இருந்தார். இலக்கியக்காரர்களுக்கு ஒரு துணுக்கு: கவிஞர் கீட்ஸ் 1816-இல் சாப்மனின் ஹோமர் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் புகழ்பெற்ற சானட் ஒன்றை எழுதினாரே, அந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தவர் இவர்தான்.

அவருக்குப் பைத்தியம் இசை. அதிலும் பீத்தோவன். 1832 டிசம்பரில் பீத்தோவனின் 'மிஸ்ஸா சொலெம்னிஸ்' இங்கிலாந்தில் முதன்முதலாக ஒலித்தது எந்தப் பெரிய அரங்கிலும் இல்லை, இவர் வீட்டில்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து லண்டன் கச்சேரி என்பது கதம்பச் சோறு மாதிரி. ஒரு ஓவர்ச்சர், நடுவில் ஆபரா பாட்டு, பிறகு ஒருவர் வயலினில் வித்தை காட்டுவார், மறுபடி பாட்டு. இதற்கு நடுவே சேம்பர் மியூசிக்குக்கு (நாலைந்து பேர் சிறு கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பது) கிடைக்கும் இடம் குறைவு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்த ஸ்டிரிங் குவார்டெட்டுக்காக பீத்தோவன் 16 படைப்புகள் எழுதினார். முதல் ஆறும் வெளியானது 1801-இல். கடைசி ஐந்து, காது முழுவதும் கேட்காமல் போன பிறகு எழுதியவை. மனுஷன் 1827-இல் இறந்துவிட்டார். இறந்து பல வருஷமாகியும் அந்தக் கடைசி ஐந்தை 'புரியாத புலம்பல்' என்று ஒதுக்கியவர்கள் ஏராளம்.

1845-இல் ஆல்சேகர் 'பீத்தோவன் குவார்டெட் சொசைட்டி' தொடங்கினார். இடம் ஹார்லி தெரு, 76-ஆம் எண். வாசித்தவர்கள் சிவோரி, சான்டன், ஹில், ரூஸ்லோ. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐந்து மாலைகள், பீத்தோவன் குவார்டெட்டுகள் மட்டும். ஒருவருடைய குவார்டெட்டுகள் அத்தனையையும் ஒரே தொடராகக் கேட்கவைத்தது இதுதான் முதல்முறை என்கிறார்கள். சந்தா கட்டியவர்களுக்கே அனுமதி. வாசலில் டிக்கெட் விற்றுக் கூட்டம் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லாததால், கூட்டத்தை மயக்க நடுவில் ஒரு பாட்டு சொருகவேண்டிய கட்டாயமும் இல்லை. (காஸ்டிங் பரீட்சையில் இதை எழுதினால் மார்க் போடுவார்களா?)

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர் போட்ட வரிசை. எளிதானதை எல்லாம் முதல் மாலையிலும், புரியாததை எல்லாம் கடைசி மாலையிலும் வைத்திருந்தால் கடைசி நாள் நாற்காலிகள்தான் கேட்டிருக்கும். அவர் ஒவ்வொரு மாலையிலும் இளமைக் கால குவார்டெட் ஒன்று, நடுக்காலத்தது ஒன்று, கடைசிக் காலத்தது ஒன்று என்று அடுத்தடுத்து வைத்தார். முதலாவதில் ரசிகன் கால் ஊன்றிக்கொள்வான். இரண்டாவதில் தரை கொஞ்சம் ஆடும். மூன்றாவது வரும்போது, இது பைத்தியக்காரன் எழுதியதல்ல, சற்றுமுன் கேட்ட அதே ஆள் நடந்துவந்த தூரம் என்று காதே சொல்லிவிடும். விளக்க உரை எதுவும் தேவையில்லை. நானும் ஹெட்போனில் அப்படி வரிசைப்படுத்திக் கேட்டுப்பார்த்தேன். அதற்குமுன் மூன்று முறை பாதியில் நிறுத்திய ஓபஸ் 131-ஐ (ஏழு பகுதிகள், இடைவெளியே இல்லாமல் ஏறக்குறைய 40 நிமிடம்) அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

அதன்பிறகு நடந்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. 1845 நவம்பரில் அவர் மனைவி இறந்தார். மறு வருஷம், 'டைம்ஸ்' கணக்குகளில் ஒழுங்கில்லை என்று உரிமையாளர் வால்டர் கேள்வி எழுப்ப, ஆல்சேகர் விலகினார். ஊர்ப் பணத்தை எல்லாம் வரி வரியாக அலசி எழுதியவர் மீது கணக்குக் குற்றச்சாட்டு! அந்த நவம்பரில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு, சில நாட்களில் இறந்துபோனார். ஆடிட்டிங் புத்தகத்தில் 'முறைகேடு' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த வரிக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

சொசைட்டி உடனே சாகவில்லை. செல்லோ வாசித்த ரூஸ்லோ எடுத்து நடத்தினார். 1851-இல் லண்டன் வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸும் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ரசிகர்கள் கையடக்க இசைப் புத்தகத்தைப் பார்த்தபடியே பயபக்தியோடு கேட்பார்களாம். பெர்லியோஸ் ஒருவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறார். மேடையில் 6-ஆம் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அந்த மனிதர் இன்னும் 4-ஆம் பக்கத்திலேயே கண்ணை வைத்திருந்தாராம்.