சட்டமும் சாரமும்: கூட்டுறவுக் கடன் இயக்கம் தரும் வரலாற்றுப் படிப்பினை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்து இடம்பெற்றிருப்பது நம் சிந்தனைக்குரியது. சுரண்டும் கடனை விலக்கிய ஷரீஅத், உதவும் கடனை ஒழுங்கின்றி விட்டுவிடவில்லை. எழுத்தையும் சாட்சியையும் அதற்குக் காவலாக வைத்தது. நல்ல நோக்கத்துக்கும் சட்டத்தின் துணை வேண்டும் என்பதே இதன் கருத்து. ஆனால் சட்டங்கள் மாறிக்கொண்டே வரும் காலத்தில், மக்கள் தமக்குள் உதவிக்கொள்ள அமைத்த ஒரு கடன் சங்கம் தன் உயிர்நாடியான கோட்பாடுகளை எவ்வாறு காத்துக்கொள்வது? கூட்டுறவுக் கடன் இயக்கத்தின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இக்கேள்விக்கு விடை சொல்கிறது.

இயக்கத்தின் மூலவர்களுள் ஒருவரான பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் (1818-1888) ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் சிற்றூர்களின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு மாவும் ரொட்டியும் கடனாகக் கிடைக்க வழி செய்தார். பின்னர் அவர் நிறுவிய உதவிச் சங்கங்கள் வசதி படைத்தோரின் இரக்கத்தைச் சார்ந்திருந்தன. இரக்கம் நாளடைவில் சோர்வடைவதை அவர் கண்டார். எனவே ஹெட்டஸ்டார்ஃப் என்னும் ஊரில் 1864இல் உருவான கடன் சங்கத்தில், கடன் பெறுவோரே உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் ஆக்கப்பட்டனர். தருமம் கூட்டுறவாக மாறிய இடம் இதுவே.

அச்சங்கத்தின் விதிகள் எளியவை. ஒருவரையொருவர் அறிந்த சிற்றெல்லைக்குள் சங்கம் இயங்க வேண்டும். உறுப்பினர்க்கே கடன். ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகிகளுக்கு ஊதியம் இல்லை. சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் தம் உடைமை முழுவதையும் கொண்டு பொறுப்பேற்க வேண்டும். மிஞ்சும் பணம் பங்கிடப்படாமல் பொது நிதியில் சேர வேண்டும். சங்கம் கலைந்தாலும் அந்நிதியை உறுப்பினர் பிரித்துக்கொள்ள முடியாது. அதே ஊரில் இன்னொரு சங்கம் தோன்றும்வரை அது காக்கப்பட வேண்டும். ஃபிக்ஹ் நூல்களைப் பயின்றவர்க்கு இவ்விதிகள் அந்நியமாகத் தோன்றா. கூட்டுப் பொறுப்பில் கஃபாலாவின் சாயலையும், பங்கிடப்படாத நிதியில் வக்ஃபின் சாயலையும் நாம் காண்கிறோம். எனினும் அச்சங்கங்கள் வட்டியை அடிப்படையாகக் கொண்டே இயங்கின. இந்த அடிப்படை வேறுபாட்டை மறைத்துவிட்டு ஒற்றுமையை மட்டும் பேசுவது அறிவுக்கு நேர்மை ஆகாது.

சட்டத்துடனான முதல் உரசல் விரைவில் வந்தது. 1867ஆம் ஆண்டுப் பிரஷ்யக் கூட்டுறவுச் சட்டம், நகர்ப்புறக் கைவினைஞர்களிடையே கடன் சங்கங்களை வளர்த்த ஷுல்ட்ஸே-டெலிட்ஷின் முயற்சியால் வந்தது. அவருடைய முறையில் உறுப்பினர் பங்கு செலுத்துவதும் இலாப ஈவு பெறுவதும் உண்டு. ரைஃபைசன் இவ்விரண்டையும் விரும்பவில்லை. பங்கு கட்டாயம் என்று சட்டம் வற்புறுத்தியபோது அவருடைய சங்கங்கள் சட்டத்தை மீறவுமில்லை, கொள்கையைக் கைவிடவுமில்லை. பங்கின் தொகையைப் பெயரளவில் மிகச் சிறிதாக வைத்துக்கொண்டு, மிகுதியைப் பொது நிதியிலேயே சேர்த்து வந்தன. 1889ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கப்பட்ட பொறுப்பை அனுமதித்ததோடு தணிக்கையையும் கட்டாயமாக்கியது. தணிக்கை இயக்கத்துக்கு வலிமையே சேர்த்தது.

இக்கருத்து நம் மண்ணை அடைந்தது சென்னை வழியாகத்தான். சென்னை அரசாங்கம் 1892இல் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராயும் பணியைச் சர் பிரெடரிக் நிக்கல்சனிடம் ஒப்படைத்தது. 1895இலும் 1897இலும் வெளிவந்த அவருடைய அறிக்கையின் பெருந்தொகுதிகள், உழவரை வட்டிக்காரரிடமிருந்து மீட்க ரைஃபைசன் வழியே ஏற்றது என்று வாதிட்டன. சென்னை மாகாணத்து நிதிகளையும் அவர் ஆராய்ந்திருந்தார். 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தில் அச்சிந்தனையின் தடம் தெளிவாகப் பதிந்தது. ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர் கூடிச் சங்கம் அமைக்கலாம். கிராமச் சங்கத்தில் பொறுப்பு வரையறையற்றது. இலாபம் முதற்கண் ஒதுக்கு நிதிக்கே சேரும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் அவ்வாண்டிலேயே தோன்றிய சங்கம் நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்று.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஹெட்டஸ்டார்ஃபில் சங்கம் முதலில் தோன்றிச் சட்டம் பின்னர் வந்தது. இந்தியாவில் சட்டமும் பதிவாளரும் முதலில் வந்தனர். சங்கம் பின்னர் வந்தது. 1951-52இல் ரிசர்வ் வங்கி நடத்திய கிராமக் கடன் ஆய்வின் அறிக்கை 1954இல் வெளியானபோது, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே என்று தெரிந்தது. பரிகாரமாக, அரசே பங்கு முதலீடு செய்வதும் சங்கங்களைப் பெரிதாக்குவதும் பரிந்துரைக்கப்பட்டன. பணம் வந்தது, ஆனால் அறிமுகம் போயிற்று. யார் கடனை யார் திருப்பவில்லை என்பதை அறிந்த அண்டை வீட்டாரின் இடத்தை அதிகாரிகள் நிரப்பினர். தேர்தலின்றி அரசின் தனி அலுவலர்களே சங்கங்களை ஆண்ட காலங்களும் உண்டு.

இதே கருத்து வேறொரு திசையிலும் பயணம் செய்தது. 1907இல் இந்தியா வந்த பாஸ்டன் நகர வணிகர் எட்வர்ட் ஃபிலீன், இங்கே கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு உள்ளம் கவரப்பட்டுத் திரும்பினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1909ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றவர்களுள் அவரும் ஒருவர். 1934இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், உறுப்பினர்களுக்கிடையே தொழிலாலோ அமைப்பாலோ வாழிடத்தாலோ ஒரு பொதுப் பிணைப்பு வேண்டும் என விதித்தது. 1982 முதல் ஒழுங்குமுறை அதிகாரிகள், தொடர்பற்ற பல குழுக்கள் ஒரே சங்கத்தில் சேர இடமளித்தனர். வங்கிகள் வழக்குத் தொடுத்தன. 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அது சட்டத்துக்கு முரண் என்றது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே புதிய சட்டம், பொதுவாக 3,000 பேருக்கு மேற்படாத குழுக்கள் சேரலாம் என்று வழி திறந்தது. சங்கங்கள் பிழைத்தன, பிணைப்பு நெகிழ்ந்தது. எது இலாபம், எது இழப்பு என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாது.

நம் நாட்டிலும் காட்சிகள் மாறின. 1966 மார்ச் 1 முதல் கூட்டுறவு வங்கிகள் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக்குள் வந்தன. 2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆம் அரசியல் சாசனத் திருத்தம், கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. அத்திருத்தத்தின் ஒழுங்குமுறைப் பகுதி, மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைக் கட்டுப்படுத்தாது என 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே 2019இல் மும்பையின் பெரிய கூட்டுறவு வங்கி ஒன்றின் முறைகேடு வெளிப்பட்டுச் சேமிப்பாளர் பலர் தவித்தனர். 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ரிசர்வ் வங்கியின் அதிகாரத்தை விரிவாக்கியது. கூட்டுறவு வங்கிகள் பங்கு வெளியிட்டு உறுப்பினரல்லாதாரிடமும் முதல் திரட்ட வாய்ப்பளித்தது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் இதில் சேரவில்லை. அமானிதத்தைக் காக்கும் கண்காணிப்பை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் முதலீட்டாளரின் ஆதாயம் உறுப்பினரின் தேவையை முந்திவிடுமோ என்னும் அச்சம் நியாயமானதே.

நம் சமுதாயத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஹைதராபாத்தில் வட்டியில்லாக் கடன் சங்கங்கள் இயங்கின. அந்நகரில் பிறந்த பேரறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவற்றைத் தம் எழுத்துக்களில் பதிவு செய்துள்ளார். கர்ளன் ஹஸனாவையும் கூட்டுறவையும் இணைக்க முடியும் என்பதற்கு அவை சான்று. கடன் வழங்கும் நிர்வாகச் செலவைப் பெற்றுக்கொள்வது பற்றி, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, உண்மையான செலவின் அளவுக்குள் மட்டும் அது கூடும், மிகுதி ரிபாவாகும் என்று தெளிவுபடுத்தியது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. விதிகள் பெருகப் பெருகக் கணக்கர், தணிக்கையாளர், கணினி என்று செலவு ஏறும். செலவு ஏறினால் சேவைக் கட்டணம் ஏறும். ஒரு நாள் அது சந்தை வட்டியை எட்டிப் பிடித்தால், பெயர் மட்டும் ஹலாலாக நிற்கும். ஏழையின் சுமை அப்படியே இருக்கும்.

உஸூலுல் ஃபிக்ஹ் நமக்கு ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. மக்ஸத் என்பது நோக்கம். வஸீலா என்பது அதை அடையும் வழி. வழி காலத்தால் மாறலாம், நோக்கம் மாறலாகாது. வரையறையற்ற பொறுப்பே கூட்டுறவின் உயிர் என்று அன்று பலரும் நம்பினர். பின்னர் அது பெரும்பாலும் மறைந்தது, இயக்கம் மறையவில்லை. ஆகவே அது வஸீலாவே. தணிக்கையோ 282ஆம் வசனத்தின் நோக்கத்தோடு இயைவது. அதை எதிர்ப்பவர் கொள்கையின் பெயரால் தம் சோம்பலைக் காப்பவர். ஒருவரையொருவர் அறிதல், செல்வத்தால் வேறுபடாத வாக்கு, தனியுடைமையாகாத பொது நிதி, கடனாளியின் துயரை ஆதாயமாக்காமை ஆகிய நான்கும் மக்ஸத்கள். இவை போனால், பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கினாலும் சங்கம் இல்லை.

நம் மஹல்லாக்களில் கடன் சங்கம் அமைக்க முற்படுவோர், எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்வது என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது தேவையான கேள்வியே. ஆயினும் அதற்கு முன்னர், எவற்றை எச்சட்டம் வந்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பதை அவர்கள் தமக்குள் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கும் சாட்சிகளை வைத்துக்கொள்வது நலம். பெயரளவுப் பங்கை ஏற்றுப் பொது நிதியைக் காத்துக்கொண்ட அந்த ஜெர்மானிய உழவர்கள் காட்டிய விவேகம், நன்மையில் ஒருவருக்கொருவர் உதவுமாறு கட்டளையிடப்பட்ட சமுதாயத்துக்கு எட்டாததன்று. அல்லாஹ் அருள் புரிவானாக.