வழக்காடிய வீரம்

சேலம், நாமக்கல் சமவெளியில் வீரர் என்றதும் ஆயுதம் ஏந்தியவர்களே நினைவுக்கு வருவார்கள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். சங்ககிரிக் கோட்டையில் 1805இல் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு ஆடிப்பெருக்கு நாளில் மாலை அணிவிக்கிறார்கள். இந்த வரிசையில் ஒரு வக்கீலையும் நிறுத்த வேண்டும். அவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

செங்கல்பட்டுப் பகுதியின் பொன்விளைந்த களத்தூரில் 1852இல் பிறந்தவர். சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்துக்கொண்டே, சட்ட வகுப்பு எதற்கும் போகாமல் தாமாகப் படித்துத் தேறி, 1881இல் வக்கீலானார். அடுத்த ஆண்டே நகராட்சி மன்ற உறுப்பினர்.

அந்த 1882 சேலத்துக்குக் கொடிய ஆண்டு. கோயில் ஊர்வலம் போகும் வழியில் மசூதி கட்டுவது பற்றிய பூசல் இந்து-முஸ்லிம் கலவரமாக வெடித்தது, மசூதி இடிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களே ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட அந்த நாட்களில் பெருமைப்பட எதுவும் இல்லை. கலவரத்தைத் தூண்டினார் என்று விஜயராகவாச்சாரியார் மீது வழக்கு வந்தது. மேல்முறையீடு வரை போராடிக் குற்றச்சாட்டிலிருந்து அவர் மீண்டார்.

தலை தப்பியது போதும் என்று இருந்திருந்தால், சேலம் கச்சேரியில் நல்ல வருமானத்தோடு காலம் தள்ளியிருக்கலாம். அவரை வீரர் என்று சொல்லத் தோன்றுவது அதற்குப் பிறகு அவர் செய்தவற்றால்தான். அதே வழக்கில் தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களை அவர் மறக்கவில்லை. வைஸ்ராய் ரிப்பன் பிரபு வரை முறையிட்டு அவர்களுக்கு விடுதலை வாங்கினார். சொந்த வழக்கில் வென்றவர்கள் உண்டு. கடலுக்கு அப்பால் கிடந்தவர்களுக்காகத் திரும்பவும் மனு எழுத உட்கார்ந்தவர்கள் குறைவு.

இன்னொரு கணக்கும் மீதமிருந்தது. கலவரத்தைக் காரணம் காட்டி அரசு அவரை நகராட்சி மன்றத்திலிருந்து நீக்கியிருந்தது. உள்ளாட்சிகளில் மக்களுக்கு இடம் வேண்டும் என்று ரிப்பன் தீர்மானம் வெளியிட்டதும் அதே 1882 மே மாதத்தில்தான் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கையால் கொடுத்த நாற்காலியை இன்னொரு கையால் பிடுங்க ஆட்சிக்கு உரிமை உண்டா என்று கேட்பதுபோல், இந்தியாவுக்கான மந்திரி மீதே அவர் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் 1884இல் அவர் பக்கம் தீர்ப்பானது. கிடைத்த தொகை 100 ரூபாய். தொகை எதுவானால் என்ன, கவர்னரின் உத்தரவையும் நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பதைச் சேலத்து நகராட்சி உறுப்பினர் ஒருவர் காட்டிவிட்டார். தென்னிந்தியச் சிங்கம் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

1885இல் பம்பாயில் நடந்த முதல் காங்கிரசுக்குப் போனார். 1887இல் அதன் விதிமுறைகளை வகுத்த குழுவில் இருந்தார். சென்னைச் சட்டசபை, பின்னர் டெல்லியின் மத்திய சட்டசபை என்று பதவிகள் வந்தன. 1920 டிசம்பரில் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஒத்துழையாமையை உறுதிசெய்த மாநாடு அது. நாடே காந்தியின் பின்னால் திரண்டுகொண்டிருந்த அந்த வேளையிலும், தலைமை நாற்காலியில் இருந்தபடியே அவரோடு வாதாடத் தயங்கவில்லை. தன் மனத்துக்குச் சரியெனப் படாததற்குத் தலையாட்டும் வழக்கம் அந்த வக்கீலுக்கு எதிராளியிடமும் இல்லை, தோழரிடமும் இல்லை.

தம் சமூகத்தாரிடமும் அப்படியே. வைதிகக் குடும்பத்தில் பிறந்தும், பெண்கள் பருவமடைந்த பிறகே மணம் முடிக்க வேண்டும் என்றார். தந்தை சொத்தில் மகளுக்குப் பங்கு வேண்டும் என்றார். 1944 ஏப்ரல் 19இல் அவர் மறையும் வரை அந்தப் பங்கு சட்டமாகவில்லை. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை, தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் கிடைத்தது.