எழுதப்படாத பிழைகளும் சொல்லப்படாத காயங்களும்: எங்கள் வைத்தியசாலைகளில் எது மாறவேண்டும்?

வடக்கில் ஒரு வைத்தியசாலையில் நான் தாதியாகக் கடமையாற்றிய காலம். காலை ஏழு மணி. இரவு வேலை முடித்துப் போகிறவர்களிடமிருந்து விடுதியைப் பொறுப்பெடுக்கும் நேரம். கட்டில்கள் நிறைந்து, நிலத்தில் பாயிலும் நோயாளர் படுத்திருந்தார்கள். நீரிழிவுக்காக அனுமதிக்கப்பட்ட ஐயா ஒருவருக்கு இரவுத் தாதி இன்சுலின் போட்டிருந்தார். அதை எழுத முன்னர் அடுத்த வரிசையில் ஒருவருக்கு வலிப்பு வந்துவிட, அவர் அங்கே ஓடிவிட்டார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார். நான் பதிவைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. நானும் போட்டேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் ஐயாவின் மனைவி என்னிடம் வந்து, "மிஸி, இவர் ஒரு மாதிரிக் கதைக்கிறார்" என்றார். "நித்திரைக் களைப்பம்மா, போய்ப் பக்கத்தில இருங்கோ" என்று அனுப்பிவிட்டேன். இரண்டாம் தரம் அவர் வந்தபோதுதான் போய்ப் பார்த்தேன். சேட் முழுக்க வியர்வை. கூப்பிட்டால் சரியான பதில் இல்லை. சீனியின் அளவு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நாளத்தில் குளுக்கோஸ் ஏற்றி அவரை மீட்டோம்.

அன்று மத்தியானம் விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆள் தப்பிற்றார்தானே. எழுதாதையும் பிள்ளை. எழுதினா உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்." அவர் கெட்டவர் அல்ல. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நானும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்துப் பக்கத்து விடுதியில் அதே பிழை, அதே ஏழு மணிக்கு நடந்தது. அந்த நோயாளி மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். நான் எழுதியிருந்தால், இன்சுலின் போட்ட கையோடு எழுதவேண்டும், பொறுப்புக் கொடுப்பவரும் எடுப்பவரும் கட்டிலடியில் நின்று கதைக்கவேண்டும் என்ற இரண்டு ஒழுங்குகள் அந்த மூன்று மாதத்துக்குள் வந்திருக்கும்.

எங்கள் வைத்தியசாலைகளைப் பற்றிக் கதைக்கும்போது இல்லாதவற்றைப் பற்றியே அதிகம் கதைக்கிறோம். ஸ்கான் இல்லை, விசேட வைத்திய நிபுணர் இல்லை, மருந்து இல்லை. எல்லாம் உண்மை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு மக்கள் பட்ட பாடும், அதன் பின் நாட்டை விட்டுப் போன வைத்தியர்களின் தொகையும் தெரிந்த கதைகள். ஆனால் என்னுடைய பிழைக்குக் காசு காரணமல்ல. ஒரு பேனையும் ஒரு வரியும் போதுமாயிருந்தன. பராமரிப்பின் தரம் என்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த என் கணிப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2008 இல் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 விடயங்கள், ஒரு பக்கத் தாள். மயக்கமருந்து கொடுக்க முன்னர், வெட்ட முன்னர், நோயாளி கூடத்தை விட்டு வெளியேற முன்னர் என மூன்று இடத்தில் நிறுத்தி வாசிக்கவேண்டும். சரியான ஆளா, சரியான பக்கமா, மருந்து ஒவ்வாமை உண்டா, துணிகளும் ஊசிகளும் எண்ணிச் சரியா என்பவைதான் கேள்விகள். எட்டு நாடுகளில் எட்டு வைத்தியசாலைகளில் இதைப் பரீட்சித்துப் பார்த்த முடிவு 2009 ஜனவரியில் வெளிவந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னான மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்திருந்தது. புதிய மெசின் எதுவும் வாங்கப்படவில்லை.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. வெட்ட முன்னர் அங்கே நிற்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். தினமும் பார்க்கிற முகங்களுக்கு எதற்குப் பெயர்? ஆனால் ஒரு தடவை வாய் திறந்து பெயர் சொன்ன இளம் தாதிக்கு, "சேர், இது இடது பக்கமல்லோ" என்று இரண்டாம் தரம் வாய் திறப்பது கொஞ்சம் இலகு. எங்கள் ஊரில் பெரிய டொக்டருக்கு முன்னால் வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்பது விடுதியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சிற்றூழியருக்கு அது இன்னும் கஷ்டம். நோயாளிக்கு எல்லாவற்றிலும் கஷ்டம்.

இப்படிப்பட்ட மாற்றம் எங்கள் நாட்டுக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்கு இரண்டு உதாரணங்கள் காட்டலாம். ஒன்று தாய் மரணம். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 40 க்குக் கீழே நிற்கிறது. இலவச சுகாதாரம், குடும்பநல உத்தியோகத்தர்கள், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கூடவே இன்னொரு ஒழுங்கும் உண்டு. 1980கள் தொடக்கம் ஒவ்வொரு தாய் மரணமும் கட்டாயமாக அறிவிக்கப்பட்டு, வீட்டிலிருந்து விடுதிவரை எங்கே பிந்தியது, எது தவறியது என்று கூடியிருந்து ஆராயப்படுகிறது. யாரைத் தண்டிப்பது என்பதல்ல, அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அந்தக் கூட்டத்தின் கேள்வி. தாய் மரணத்துக்கு இருக்கிற இந்த ஒழுங்கு, என் இன்சுலின் பிழைக்கு இருக்கவில்லை.

மற்றது கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. 2000 ஆம் ஆண்டளவில் அங்கே பணிப்பாளராக இருந்த வைத்தியர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 'ஐந்து எஸ்' முறையைக் கொண்டுவந்தார். வேண்டாததை அகற்றுவது, வேண்டியதை இடம் பார்த்து வைப்பது, துப்புரவு, எல்லா இடத்திலும் ஒரே முறை, அதைக் கைவிடாமல் தொடர்வது. பிறகு ஜப்பானிய உதவி நிறுவனமான ஜெய்க்கா, தன்சானியா போன்ற ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலை அதிகாரிகளை இலங்கைக்கு அழைத்து வந்து இதைக் காட்டியது. எங்கள் பக்கத்துக்கும் அது வந்தது. சில இடங்களில் நன்றாக வேரூன்றியது. சில இடங்களில் நிலத்தில் மஞ்சள் கோடும், சுவரில் அறிவித்தலும், பரிசளிப்புக்கு முதல்நாள் பெயின்றுமாக முடிந்தது. காசல் வீதியில் சிற்றூழியரும் சேர்ந்து வேலை மேம்பாட்டுக் குழுக்களில் இருந்து யோசனை சொன்னார்கள். எங்களுக்குக் கோடு வந்த அளவுக்கு அந்தக் கூட்டம் வரவில்லை.

இனி எங்கள் மக்களுக்கே உரிய ஒரு விடயம். ஓய்வுபெற முன்னைய வருடங்களில், இடுப்பு நோவுக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதப்பட்ட ஒரு அம்மாவை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். உடம்பில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று படிவத்தில் புள்ளடி போட்டிருந்தது. உடுப்பு மாற்றும்போது முதுகில் தழும்பு தெரிந்தது.

"அம்மா, இது என்ன காயம்?"

"அது முந்தியது, பிள்ளை."

"செல் துண்டு ஏதும் உள்ளுக்கு இருக்கோ?"

கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருக்கெண்டுதான் அப்ப சொன்னவை. சொன்னா விசாரணை வருமெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார்.

எம்.ஆர்.ஐ. ஒரு பலமான காந்தம். உடம்பில் உள்ள இரும்புத் துண்டு அதற்குள் அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் ஆபத்து அதிகம். எல்லாத் துண்டும் தடை அல்ல. முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துக் கதிரியக்க நிபுணர் முடிவெடுப்பார். ஆனால் அவருக்குத் தெரியவேண்டும். 2009 க்குப் பிறகு தழும்பைக் காட்டச் சொல்லிக் கேள்வி கேட்கப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் படிவத்தில் பொய் எழுதுகிறார்கள் என்று நாம் ஏசமுடியாது. தெற்கிலிருந்து வந்த வைத்தியர் கேட்க, இடையில் யாரோ அரைகுறையாக மொழிபெயர்க்க, பத்துப் பேர் பார்த்திருக்க, ஒரு பெண் எப்படிச் சொல்வார்? தனியாக, திரை இழுத்துவிட்டு, அவருடைய மொழியில், "இது சிகிச்சைக்கு மட்டும்தான் அம்மா" என்று சொல்லிக் கேட்பதும் பராமரிப்பின் தரம்தான். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். இன்றும் எங்கள் நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகிற நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

போர்க்காலத்தில் எங்கள் வைத்தியசாலைகள் எப்படி இருந்தன என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1987 ஒக்ரோபரில் யாழ். வைத்தியசாலைக்குள் நோயாளரோடு வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டார்கள். 2009 பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது செல் விழ, இருந்ததைத் தூக்கிக்கொண்டு புதுமாத்தளனுக்குப் போனார்கள். அங்கே நின்ற என் சக தாதி ஒருத்தி சொன்னது: "அங்க பெரியாள் சின்னாள் எண்டு ஒண்டும் இல்லை. இரத்தம் கூடப் போகுதெண்டு கண்டவர் கத்துவார், கிட்ட நிண்டவர் ஓடிவருவார்." அந்தக் காலத்தை நான் புகழவில்லை. அது திரும்பி வரவே கூடாது. ஆனால் கண்டதைக் கண்டவுடன் சொல்லும் அந்தப் பழக்கத்தைக் கட்டடங்கள் திரும்ப எழும்பியபோது நாங்கள் எங்கேயோ விட்டுவிட்டோம்.

அப்படி அடங்கிக் கிடந்தது 2024 ஜூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைக்கு முன்னால் வெடித்தது. அதில் யார் சரி, யார் பிழை என்று எழுத நான் வரவில்லை. வீதியில் நின்றவர்களில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுக் கதையை அதற்கு முதல் எங்கேயாவது சொல்லக் கிடைத்திருந்தால் அத்தனை கூட்டம் வந்திராது என்று மட்டும் நினைத்தேன். மறுபக்கமும் உண்டு. கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி விடுதிக்குள் வருகிறவருக்கு முன்னால் எந்தத் தாதியும் தன் பிழையை ஒப்புக்கொள்ளமாட்டாள். பிரசவ அறையில் வேதனையில் கத்துகிற பெண்ணை ஏசுகிற வழக்கத்துக்கு ஆள் பற்றாக்குறை சாட்டாகாது. ஆனால் இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒருத்தி செய்கிறாள் என்பதும் உண்மை.

முறைப்பாடு செய்ய விரும்புவோர் முதலில் அந்த வைத்தியசாலையின் பணிப்பாளருக்கோ வைத்திய அத்தியட்சகருக்கோ திகதி, நேரம், விடுதி இலக்கத்தோடு எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். போதனா வைத்தியசாலைகள் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் கீழ் வருவதால், அடுத்த கட்டமாகப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் போகலாம். வைத்தியர் ஒருவரின் தொழில் நடத்தை பற்றியதென்றால் இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. அதற்கு முதல், கட்டிலடியில் நிற்கும்போதே கேளுங்கள்: இது என்ன மருந்து, காலையில் ஒருதரம் போட்டவையோ? கேட்டதற்காக ஏச்சு விழுந்தால் அதையும் எழுதுங்கள். உங்கள் ஆள் 'ஒரு மாதிரி' இருக்கிறார் என்றால் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போய்ச் சொல்லுங்கள். அவரை எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த அம்மாவுக்கு அன்று ஸ்கான் எடுக்கவில்லை. எக்ஸ்-ரேயில் முள்ளந்தண்டுக்குக் கிட்ட இரண்டு துண்டுகள் வெள்ளையாகத் தெரிந்தன. நிபுணர் வேறு வழியில் பரிசோதிக்கச் சொன்னார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் அதை எழுதலாமோ என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தமிழிலயும் எழுதும் பிள்ளை, என்ர மகளும் வாசிக்கோணும்" என்றார்.