முரளியின் முழங்கையை அளந்த கமராக்கள்

1995 டிசம்பர் 26. மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் முரளிக்கு ஏழு தடவை 'நோ போல்' கொடுத்தார். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன் அவர். நம் மலையகத்தில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

1996இல் பேர்த் நகரிலுள்ள மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே அவரால் முழங்கையை முழுதாக நீட்ட முடியாது. வளைந்த கை தோளும் மணிக்கட்டும் சுழலும் வேகத்தில் நிமிர்வதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

2004இல் 'தூஸ்ரா' மீது மறுபடி முறைப்பாடு. அதே பல்கலைக்கழகத்தில் கையில் ஒளி தெறிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் அதிவேகக் கமராக்கள். ஒரு கமராவுக்குக் கிடைப்பது தட்டைப் படம். பல கமராக்கள் ஒரே உருண்டையைப் பார்த்தால், அது முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என எப்படி நகர்ந்தாலும் கணக்கிடலாம். நாம் வகுப்பில் படிப்பிக்கும் முக்கோணக் கணக்கின் தம்பிதான் இது!

முழங்கை நிமிர்ந்தது 14 பாகை. திருத்திய பிறகு 10க்கு அருகில். சுழல் பந்துக்கு அன்று அனுமதி 5தான்; தூஸ்ராவை நிறுத்தச் சொன்னார்கள். ஆனால் மற்றவர்களையும் அளந்தபோது, பேர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் பலரின் கையும் 10 பாகையைத் தாண்டியிருந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 என்றானது.

முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று இன்றும் எழுதுகிறார்கள். மற்றவர்களின் பாகையை மட்டும் எழுதமாட்டார்கள்.